ஷூவின் நாக்கை இழுத்துப் பார்த்த கதை

என் நடை ஷூ ஒருநாள் பாதி வழியில் வாயைப் பிளந்தது. முன்பக்க சோல் கழன்று, ஒவ்வொரு எட்டுக்கும் பட் பட் என்று தரையில் அடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். நாலு வருஷம் உழைத்த ஷூ, குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுசு ஒன்று வாங்க வேண்டும், அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தது. காரணம், நானே எனக்குப் போட்டுக்கொண்ட ஒரு நிபந்தனை: சீனாவில் தயாரான ஷூ வேண்டாம்.

ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் பின்னால் எல்லாமே மாறுகிறது, இது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. சீனாவின் வடமேற்கில் உள்ள ஷின்ஜியாங் பகுதியில், அங்கே வாழும் சிறுபான்மை முஸ்லிம்களான உய்குர் மக்களிடம் கட்டாய வேலை வாங்குவது பற்றிச் சில வருஷமாக வந்த செய்திகள் மனதில் தங்கிவிட்டன. சீன அரசு இதை மறுக்கிறது. ஆனால் அமெரிக்கா 2021 டிசம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு 2022 ஜூன் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது: ஒரு பொருள் முழுசாகவோ ஒரு பங்காகவோ அந்தப் பகுதியில் உருவானது என்றால் அது கட்டாய உழைப்பில் வந்தது என்றே வைத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்கிறவர் பாடு. ஐரோப்பிய ஒன்றியமும் கட்டாய உழைப்பில் வந்த பொருட்களைத் தடுக்கும் விதியை 2024ல் நிறைவேற்றியது, 2027 டிசம்பர் முதல்தான் அது நடைமுறைக்கு. மற்றபடி சீன மக்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. டாங்குவானிலோ வென்ஜோவிலோ தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் என்னைப் போலச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பேச்சை எடுத்தாலே சிலர் வேறு ஏதோ வெறுப்பு அரசியலுக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு நான் வரவில்லை.

முதல் கடையில் நுழைந்து, அலமாரியில் இருந்த ஒவ்வொரு ஷூவையும் எடுத்து நாக்கை வெளியே இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். நாக்கு என்றால் கயிற்றுக்கு அடியில் இருக்கும் அந்தப் பட்டை. விளையாட்டு ஷூவில் பெரும்பாலும் அதன் உள்பக்கம்தான் டேக் இருக்கும், சிலதில் உள்பக்கச் சுவரில் அச்சடித்திருப்பார்கள். தோல் ஷூ என்றால் உள்சோலிலோ அடிசோலின் வளைவிலோ தேட வேண்டும். எழுத்து எறும்பு அளவு. நாலாவது ஷூவிலேயே கண்ணாடி தேவைப்பட்டது, ஆறாவதில் மொபைல் கேமராவைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த மனைவி சொன்னது: "நீங்க ஷூ வாங்க வந்தீங்களா, பாஸ்போர்ட் செக் பண்ண வந்தீங்களா?"

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அலமாரியில் இருந்த ஜோடி 8ஆம் நம்பர், டேக்கில் வியட்நாம். எனக்கு 9 வேண்டும். கடைத்தம்பி உள்ளே போய் எடுத்து வந்தார், போட்டுப் பார்த்தேன், அருமையாக இருந்தது, பணம் கட்டப் போகும்போது எதற்கும் இருக்கட்டும் என்று நாக்கை இழுத்தால் சீனா. அதே மாடல், அதே நிறம். "சார், எல்லாம் ஒரே ஷூதான் சார், ஒரே கம்பெனி" என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னதில் தப்பில்லை. பெரிய கம்பெனிகள் ஒரே மாடலை இரண்டு மூன்று நாட்டு ஆலைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது சாதாரணம், எந்த நம்பர் எந்த ஆலையிலிருந்து வந்து அந்தக் கடையின் ஸ்டாக்கில் விழும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. இதில் நான் கற்றது: அலமாரியில் இருக்கும் ஷூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் கைக்கு வரும் ஜோடியைப் பாருங்கள். இரண்டு காலையும். ஒருமுறை டப்பா ஸ்டிக்கரில் ஒரு நாடும் ஷூவில் வேறு நாடும் இருந்ததைப் பார்த்த பிறகு, டப்பாவை நம்புவதையும் விட்டுவிட்டேன்.

டேக்கில் எழுதியிருப்பதைப் படிப்பதே ஒரு வித்தை. சைனா என்று நேராகப் போடாமல் "பி.ஆர்.சி." என்று மட்டும் போட்ட டேக்குகள் உண்டு, பீப்பிள்ஸ் ரிபப்ளிக் ஆஃப் சைனா என்பதன் சுருக்கம் அது. "ஆர்.ஓ.சி." என்றால் தைவான், வேறு கணக்கு. அப்புறம் "டிசைன்ட் இன்" என்று ஆரம்பிக்கும் வரி. அதைப் பெரிய எழுத்தில் நாக்கின் மேலேயே போட்டிருப்பார்கள், வரைந்தது எங்கே என்று சொல்கிறதே தவிர தைத்தது எங்கே என்று அல்ல. "இத்தாலியத் தோல்" என்றால் தோல் மட்டும் இத்தாலி. சோலில் மஞ்சள் எண்கோண முத்திரையோடு ஒரு புகழ்பெற்ற இத்தாலிய சோல் கம்பெனியின் பெயரைப் பார்த்துவிட்டு ஷூவே இத்தாலி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டவன் நான். கொடி, கேடயம், "சின்ஸ் 18 சொச்சம்" எல்லாம் அலங்காரம். கம்பெனி எந்த ஊரில் பிறந்தது என்பதற்கும் ஷூ எந்த ஊரில் பிறந்தது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைவிட அசடு வழிந்தது பார்கோடு விஷயத்தில். 690 முதல் 699 வரையில் ஆரம்பித்தால் சீனப் பொருள் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டே இருக்கிறதல்லவா, அதை நம்பி ஒரு ஜோடியைப் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எண் வேறு ஏதோ ஐரோப்பிய நாட்டுடையது. நாக்கை இழுத்தால் சீனா. அப்புறம்தான் படித்தேன்: அந்த முதல் மூன்று எண்கள், பார்கோடு எண்களைக் கொடுக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் எந்த நாட்டுக் கிளையில் அந்தக் கம்பெனி பதிவு செய்தது என்பதைத்தான் காட்டும். ஜெர்மனியில் பதிவு செய்த கம்பெனி எந்த நாட்டில் தைத்தாலும் ஜெர்மனிக்கான எண்தான் வரும். ஜி.எஸ்.1 அமைப்பே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள்தான் படிப்பதில்லை. (நானும் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பினேன், அதை அவர் படித்த மாதிரி தெரியவில்லை.)

கடை கடையாக அலைந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன், அதை முதலிலேயே செய்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். உலகத்தில் ஒரு வருஷத்துக்கு 2,200 கோடி ஜோடிக்கு மேல் காலணி தயாராகிறது, அதில் பாதிக்கும் மேல் சீனாவில். அடுத்தது இந்தியா, அதற்கடுத்து வியட்நாம். இதைப் பார்த்ததும் மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பாதி எல்லா வகையிலும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை, அதுதான் நமக்கு உதவுகிற செய்தி. பெரிய விளையாட்டுக் கம்பெனிகளின் ஓட்ட ஷூக்களில் சீனாவின் பங்கு எப்போதோ இறங்கிவிட்டது. நைக்கி தன் 2024 நிதியாண்டு அறிக்கையில் கொடுத்த கணக்குப்படி அதன் காலணிகளில் 50 சதவீதம் வியட்நாம், 27 சதவீதம் இந்தோனேசியா, சீனா 18 சதவீதம்தான். அடிடாஸிலும் வியட்நாமும் இந்தோனேசியாவும்தான் முன்னால். இந்த மாதிரி விவரம் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது, யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டாம். சில கம்பெனிகள் தங்கள் ஆலைகளின் பட்டியலையே பெயர், முகவரியோடு வெளியிடுகின்றன.

எங்கே கஷ்டம் என்றால், பெயரில்லாத மலிவு ஷூ, பிளாஸ்டிக் செருப்பு, மழை பூட்ஸ், குழந்தைகளுக்கான விளக்கு மின்னும் ஷூ, ஃபேஷன் ஹீல்ஸ். இந்த வரிசையில் நாக்கை இழுத்து இழுத்து எனக்கு விரல்தான் வலித்தது. அக்கா மகளுக்கு நடக்கும்போது சிவப்பாக மின்னுகிற ஷூதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம், நானும் பத்துப் பதினைந்து ஜோடி பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிவிட்டேன். அது சீனா ஷூதான். போட்டுக்கொண்டு வீடெல்லாம் குதித்தாள். அஞ்சு வயசுக் குழந்தையிடம் போய் உலக வர்த்தகம் பேச எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியட்நாம் என்று பார்த்ததும் மனசு லேசாகிறதே, அந்த ஆலை யாருடையது? உலகத்திலேயே பெரிய பிராண்டு ஷூ தயாரிப்பாளர் யுவே யுவென் என்கிற கம்பெனி, தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்தது. நாம் கேள்விப்பட்ட பல போட்டிக் கம்பெனிகளுக்கும் அதே ஆள்தான் தைத்துக் கொடுக்கிறார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தத் தொழில் தைவானிலும் கொரியாவின் பூசானிலும் இருந்தது, அங்கே கூலி ஏறியதும் சீனாவின் குவாங்டோங், ஃபூஜியான் மாகாணங்கள் பக்கம் போனது, அங்கேயும் ஏறியதும் வியட்நாம், இந்தோனேசியா என்று நகர்ந்தது. ஆலை ஊர் மாறினால் அங்கே வேலை செய்கிறவரின் நிலைமை தானாக நல்லதாகிவிடாது. வியட்நாமில் தொழிற்சங்கம் என்றால் இன்றைக்கும் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் கீழ் இருக்கும் சங்கம்தான். "சீனா இல்லை" என்பதை "நல்லது" என்று நான் சில வாரம் குழப்பிக்கொண்டிருந்தேன்.

சரி, ஆன்லைனுக்கு வருவோம். அங்கே நாக்கை இழுக்க முடியாது. பல பட்டியல்களில் தயாரித்த நாடு என்ற இடத்தில் "இறக்குமதி" என்று ஒரே சொல். நான் கேட்டது செவ்வாயா புதனா என்று, பதில் "வெளி கிரகம்" என்று வந்த மாதிரி. ஒரு பட்டியலில் வியட்நாம் என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள், ஆர்டர் போட்டேன், வந்தது சீனா. அரட்டைப் பெட்டியில் கேட்டபோது, "பட்டியலில் உள்ள விவரம் மாறக்கூடியது" என்று ஒரு பதில், அதே பதிலை இன்னும் இரண்டு முறை ஒட்டினார்கள். திருப்பி அனுப்பினேன். மாற்றாக வந்ததும் சீனா. மறுபடி திருப்பினேன், அதற்குள் எனக்கே என்னைப் பார்த்து எரிச்சல், ஒரு ஷூ இத்தனை தூரம் வண்டியிலும் விமானத்திலும் போய்வருவதைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிப்பது இது. பெரிய தளத்தில் வாங்காமல், சின்னக் கடைக்காரர் யாராவது தளம் வைத்து விற்றால் அவருக்கு ஒரு செய்தி அனுப்புவேன்: "9ஆம் நம்பரில் உங்கள் கையில் இருக்கும் ஜோடியின் நாக்கு டேக்கை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?" காரணம் சொல்லத் தேவையில்லை. ஆச்சரியமாக, பத்துப் பேரிடம் கேட்டால் ஆறேழு பேர் அனுப்பிவிடுகிறார்கள். "எந்த நாட்டுத் தயாரிப்பு?" என்று கேட்டால் மட்டும் பாதிப் பேர் கம்பெனியின் நாட்டைச் சொல்வார்கள், பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரியும். அதனால் கேள்வி கேட்காதீர்கள், போட்டோ கேளுங்கள். கூடவே விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் டேக்கையும் நம்ப வேண்டாம். போலி ஷூ செய்கிறவர்கள் டேக்கை விட்டுவிட்டா காப்பி அடிப்பார்கள்? ஃபூஜியானில் உள்ள புட்டியான் நகரம் இந்தப் போலி ஷூக்களுக்கே பேர் போனது, அங்கே தைத்த ஜோடியின் நாக்கிலும் "மேட் இன் வியட்நாம்" அழகாக இருக்கும்.

நடுவில் இரண்டு தடவை காசைத் தொலைத்தேன். முதல் தடவை, நாடு சரி, நிறம் சரி, நம்பர் மட்டும் அரை நம்பர் சின்னது. போடப் போடத் தோல் விட்டுக்கொடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தோலே இல்லை, செயற்கை மெட்டீரியல், விட்டுக்கொடுக்கவில்லை, என் சுண்டுவிரல்தான் விட்டுக்கொடுத்தது. செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்வதா என்பார்களே, ஏறக்குறைய அதைத்தான் செய்தேன். எனக்குக் கொஞ்சம் அகலமான கால், நாட்டைத் தேடும் மும்முரத்தில் அதை மறந்தேன்.

இரண்டாவது தடவை நடந்தது இன்னும் மோசம். ஐரோப்பாவில் தைத்த ஒரு மலையேற்ற ஷூ, பழைய ஸ்டாக், பாதி விலை. டப்பாவில் தூசி படிந்து புத்தம் புதுசாக இருந்தது. நாலு மாதம் கூட ஆகவில்லை, ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது நடுசோல் உளுத்த மரம் மாதிரிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்கிற ஃபோமில் செய்த நடுசோலுக்கு இது ஒரு குணம். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும், போட்டு நடக்காமல் டப்பாவில் வைத்திருந்தாலும் நிற்காது. தயாரித்துப் பல வருஷம் ஆன ஜோடியை மலிவு என்று எடுத்தால் இந்த ஆபத்து இருக்கிறது. பல ஷூக்களில் நாடு போட்டிருக்கும் அதே டேக்கில் தயாரித்த மாதம், வருஷம் இருக்கும். நான் நாட்டை மட்டும் படித்துவிட்டு, அடுத்த வரியைப் படிக்காமல் போனேன்.

இதற்கிடையில் "தயாரித்தது" என்றால் என்ன என்கிற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஷூ ஒரு துண்டு இல்லையே. 2013ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சாதாரண ஓட்ட ஷூவைப் பிரித்துக் கணக்குப் பார்த்தபோது 65 பாகங்கள், 360க்கும் மேற்பட்ட வேலைகள் என்று வந்தது. மேல்பாகம் ஒரு நாட்டில் தைத்து, சோல் இன்னொரு நாட்டில் ஒட்டினால் எந்த நாட்டின் பெயரைப் போடுவது? பொதுவான சுங்க வழக்கம், கடைசியாகப் பொருளின் தன்மையையே மாற்றும் அளவுக்கு வேலை எங்கே நடந்ததோ அந்த நாடு. ஆனால் எது அந்த அளவு வேலை என்பதில்தான் வழக்கே. அமெரிக்காவில் 1982ல் யூனிராயல் வழக்கில், இந்தோனேசியாவில் தைத்த தோல் மேல்பாகத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து சோல் ஒட்டினால் அது அமெரிக்க ஷூவாகிவிடுமா என்ற கேள்வி வந்தது. ஆகாது, மேல்பாகம்தான் ஷூவின் சாரம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடித்தது. ஷூ தைக்கிற யாரைக் கேட்டாலும் கஷ்டமான வேலை மேல்பாகம் என்றுதான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் இறக்குமதி ஷூவில் நாட்டின் பெயர் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994ஆம் ஆண்டு உத்தரவு வேறு மாதிரி: மேல்பாகம், உள்பாகம், அடிசோல் மூன்றும் எந்தப் பொருளில் செய்தது என்று படமாகவோ எழுத்தாகவோ போட வேண்டும், நாடு போடச் சொல்லவில்லை. நாடே இல்லாத ஐரோப்பிய ஷூவைப் பார்த்து முதலில் மோசடியோ என்று நினைத்தேன். அந்தப் படங்களைக் கற்றுக்கொள்வது நல்லது: விரித்த மாட்டுத்தோல் வடிவம் என்றால் தோல், அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சுப் பூசிய தோல், வலை மாதிரி கட்டம் என்றால் துணி, தனியாகச் சாய்சதுரம் என்றால் வேறு ஏதோ, பெரும்பாலும் ரப்பர், பிளாஸ்டிக், ஃபோம். மேல்பாகத்தின் பரப்பில் 80 சதவீதம் எதுவோ அதைத்தான் போடுவார்கள்.

பெயர் பெற்ற "உள்நாட்டுத் தயாரிப்பு" ஷூக்களிலும் கணக்கு உண்டு. நியூ பேலன்ஸ் அமெரிக்காவில் செய்வதாகச் சொல்லும் வரிசைக்கு, மதிப்பில் 70 சதவீதமாவது உள்நாடு என்று அதுவே விளக்கம் கொடுக்கிறது. டாக்டர் மார்ட்டென்ஸ் 2003ல் உற்பத்தியில் பெரும்பகுதியை ஆசியாவுக்கு மாற்றியது, இங்கிலாந்தில் வொலாஸ்டனில் உள்ள பழைய ஆலையில் ஒரு சின்ன வரிசை மட்டும் இன்னும் தைக்கிறார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பூட்ஸ், டேக் வேறு, விலையும் வேறு. மீதி 30 சதவீதம் எங்கேயிருந்து என்று கேட்க ஆரம்பித்தால் ஷூவே வாங்க முடியாது.

நான் கேட்க ஆரம்பித்தேன். அங்கேதான் என் மூன்று மாத வேலை மொத்தமும் தலைகீழானது.

உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஷின்ஜியாங்கில் விளைகிறது. வியட்நாம் ஆலைகள் துணி, நூல், உள்பாகங்களை அதிகம் வாங்குவது சீனாவிலிருந்து. அப்படியென்றால் நான் யாருக்காக வருத்தப்பட்டேனோ அந்த மனிதர்களின் கை பட்டிருக்கக்கூடிய பொருள் ஷூவைத் தைத்த ஆலையில் இல்லை, துணியில் இருக்கிறது. வியட்நாம் டேக் போட்ட கான்வாஸ் ஷூவைத் தைரியமாக எடுத்துவிட்டு, குவாங்டோங்கில் தைத்த, பருத்தியே இல்லாத தோல் ஷூவைத் தள்ளி வைத்தால் என் காரணத்துக்கும் என் செயலுக்கும் தொடர்பே இல்லை. நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஒரு முறை இல்லை, மூன்று கடைகளில். அமெரிக்கச் சட்டத்தை அமல்படுத்துகிறவர்கள் 2024 ஜூலையில் கவனிக்க வேண்டிய துறைகள் பட்டியலில் பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக்கையும் சேர்த்தார்கள். ரெக்சின் மாதிரித் தோற்றமளிக்கும் எத்தனையோ மலிவு ஷூக்களின் மேல்பாகம், செருப்பின் அடி, எல்லாம் அதுதான். நாக்கில் இருக்கும் டேக்குக்கு இதைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியாது.

இரண்டு நாள் எல்லாம் வீண் என்று உட்கார்ந்திருந்தேன். மனைவிதான், "உங்களுக்கு நாடு பிரச்சினையா, பருத்தி பிரச்சினையா, முதல்ல அதை முடிவு பண்ணுங்க" என்றாள். கேட்கச் சின்னக் கேள்வி. உள்நாட்டுத் தொழிலாளிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது உங்கள் காரணம் என்றால், எங்கே தைத்தது என்பதுதான் கணக்கு, துணியை விட்டுவிடலாம். எல்லைத் தகராறு, அரசியல் என்றால் காசு கடைசியில் எந்த நாட்டுக் கம்பெனிக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும், அது டேக்கிலேயே கிடையாது. தரம்தான் பயம் என்றால் நாட்டைப் பார்ப்பதே தப்பு, சீனாவில் உலகத்தின் மிக நல்ல ஷூ ஆலைகளும் இருக்கின்றன, என் வாயைப் பிளந்த பழைய ஷூகூட நாலு வருஷம் உழைத்த சீனா ஷூதான். என் காரணம் கட்டாய உழைப்பு. அதனால் நான் பார்க்க வேண்டியது பருத்தியும் பி.வி.சி.யும், அதற்கப்புறம்தான் நாடு.

அதிலிருந்து வேலை ஒருவகையில் சுலபமானது. கான்வாஸ் ஷூ என்றால் பருத்தி எங்கிருந்து என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும். செயற்கைத் தோலில் என்ன பிளாஸ்டிக் என்று சொல்லாவிட்டால் வேண்டாம். தோல் மேல்பாகம், தோல் உள்பாகம், தைத்த சோல், இப்படி இருந்தால் தேட வேண்டிய பாகங்களே குறைந்துவிடுகின்றன. போர்ச்சுகலில் ஃபெல்கெய்ராஸ், குய்மாராயிஸ், ஸ்பெயினில் எல்சே, எல்டா, இங்கிலாந்தில் நார்தாம்ப்டன், மெக்சிகோவில் லியோன், இந்தோனேசியாவில் பண்டுங் என்று தோல் ஷூவுக்கே பெயர் போன ஊர்கள் இருக்கின்றன. அங்கே தைக்கிற சின்னக் கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டால் லைனிங் எங்கிருந்து என்று கூடச் சொல்கிறார்கள், ஒருவர் பட்டறையின் போட்டோவையே அனுப்பினார். பெரிய கம்பெனிகளிடமிருந்து "நாங்கள் மனித உரிமைகளை மதிக்கிறோம்" என்று ஒரு பத்தி வரும்.

விலை கூடத்தான் ஆனது, மறைக்கவில்லை. நான் வாங்கியது குட்இயர் வெல்ட் தையலில் சோல் போட்ட ஒரு தோல் நடை ஷூ. மேல்பாகத்தையும் உள்சோலையும் ஒரு தோல் பட்டையோடு (அதுதான் வெல்ட்) சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையோடு அடிசோலைத் தனியாகத் தைப்பது அந்த முறை, அதனால் சோல் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்துப் புதுசு போடலாம். பசை போட்டு ஒட்டிய ஷூவில் இது எளிதில் நடக்காது. ஓடுவதற்கு இது ஆகாது, எடை அதிகம், முதல் மூன்று வாரம் குதிகாலில் கொப்புளம். ஓடுவதற்கு வியட்நாமில் தைத்த, மேல்பாகம் முழுக்க பாலியெஸ்டர் என்று எழுதிய ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். அந்த பாலியெஸ்டர் நூல் எங்கிருந்து என்று கேட்காதீர்கள், நான் அங்கே கோடு போட்டு நிறுத்திவிட்டேன்.

போன மாதம் அந்தத் தோல் ஷூவுக்கு முதல் சோல் மாற்ற வேண்டி வந்தது. தைக்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். பழைய தையலைப் பிரித்து, வெல்ட் நல்லா இருக்கிறது, இன்னும் இரண்டு சோல் தாங்கும் என்றார். புது ரப்பர் ஷீட்டை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். ஷீட்டின் பின்பக்கத்தில் அச்செழுத்து தெரிந்தது, குனிந்து படித்தேன். "என்னங்க பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டு, "வேற ஷீட்டும் இருக்கு, வழுக்கும், மழைக்கு ஆகாது, எது வேணும்?" என்றார். அது ரப்பர், பருத்தியுமில்லை, பி.வி.சி.யுமில்லை, இதையே போடுங்கள் ஐயா என்றேன். கயிறும் நைந்துபோயிருந்ததால் புதுக் கயிறு ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். பருத்திக் கயிறு. பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், நீளம் மட்டும் போட்டிருந்தது, 120 சென்டிமீட்டர். பழைய கயிற்றையே நைந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.